திறப்பைக் கொடுக்க முன்னம்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் வீடொன்றை வாடகைக்கு விடுகிறவர் பல வேளைகளில் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்ல. உறுதி தங்கையின் பேரில் இருக்கும். தங்கை கனடாவிலோ பிரான்சிலோ இருப்பா. தலையிடி மட்டும் இங்கே இருக்கிற அண்ணனுக்கு. அதனால் ஆள் தேட முன்னம், கையெழுத்துப் போடும் உரித்து யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

சீதன வீடென்றால் உறுதி மனைவியின் பேரில்தான். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை, சைவர் கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் யாழ்ப்பாணத் தமிழருக்கு இன்றும் பொருந்துகிறது. அதன் வழியில் வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் காணி வீட்டைக் கையாளக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காலத்துக்கு ஒவ்வாத ஏற்பாடுதான். ஆனால் நொத்தாரிசு அதைக் கேட்பார். அவர் கேட்காமல் விட்டால் நாளைக்கு எதிராளியின் சட்டத்தரணி கேட்பார். இருவரும் வெளிநாட்டில் என்றால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி இங்கே பதிந்த அற்றோணித் தத்துவத்தை எடுத்துவையுங்கள். “அண்ணா, நீங்களே பாருங்கோ” என்று வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது.

அடுத்தது ஆள் பார்ப்பது. பட்டினமும் பெரியாஸ்பத்திரியும் கிட்ட என்பதால் வெளியூர் உத்தியோகத்தர் வருவார்கள். கடற்றொழிலுக்குப் போகும் குடும்பங்களும் வரும். கடற்றொழிலாளருக்கு வீடு கொடுக்கத் தயங்குவது, கடலால் வளர்ந்த இந்த ஊரிலேயே இருந்துகொண்டு செய்யும் அநியாயம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: “வலையும் எஞ்சினும் எங்கை வைக்கப்போறியள்? மண்ணெண்ணெய்க் கான்?” பதில் விறாந்தை என்றால், பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொடுப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பேச்சு முடிந்தால் நொத்தாரிசிடம் போங்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தை நிரப்பி ஒப்பமிட்டால், இரண்டு வருடக் குத்தகை என்று எழுதியிருந்தாலும் அது மாத வாடகையாகவே பார்க்கப்படும். வீட்டுக்காரரின் பழைய பயம் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்திலிருந்து வந்தது. அந்தச் சட்டத்துக்குள் அடங்கும் வீட்டில் வாடகைக்காரர் இறந்தாலும் உரிமை அவர் குடும்பத்துக்குப் போகும். குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து இடத்தை மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் சுருக்கமான நடைமுறையொன்றைத் தந்திருக்கிறது. ஒழுங்கான பத்திரம் இல்லாமல் நீதிமன்றத்தில் போய் நிற்பது வீண் அலைச்சல்.

வாக்காளர் படிவத்தை விதானையார் கொண்டுவரும்போது, வாடகைக்காரரின் பெயரைப் பதிய விடாமல் தடுக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. வோட்டுப் பதிந்தால் வீடு போய்விடும் என்ற கதையை விட்டுவிடுங்கள். இருக்கிற இடத்தில் பதிவது அவர்களின் உரிமை.

வீட்டைக் கையளிக்கும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாக நடக்க வேண்டும். மின்மானி இலக்கத்தைப் படம் எடுங்கள். மோட்டரைப் போட்டு, தாங்கிக்குத் தண்ணி ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு மேலே பாருங்கள். கரையோர வீடுகளில் கூரைத் தட்டின் சாந்து வயிறுபோல் ஊதி நிற்கும், உள்ளே கம்பி துருவேறி வீங்குவதன் அடையாளம் அது. கதவுப் பிணைச்சலும் யன்னல் கொண்டியும் உப்புக்காற்றில் தின்னப்பட்டிருக்கும். இவற்றை இன்றைக்கே எழுதி இருவரும் ஒப்பமிட்டால், ஒரு வருடம் கழித்து “நீங்கள்தான் உடைச்சது” என்ற கதை வராது. என் கருத்தில், உப்பு தின்றதற்கு வீட்டுக்காரர் பொறுப்பு. பிள்ளைகள் பந்தடித்து உடைத்த கண்ணாடிக்கு வாடகைக்காரர் பொறுப்பு.

கோபம் கூடுதலாக வருவது கறன்ட் பில்லில்தான், அதுவும் வீட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தால். முன்வீடு மாதம் 45 அலகு, பின்வீடு 40 அலகு என்று வையுங்கள். தனித்தனி மின்மானி இருந்தால் இரண்டும் 60 அலகுக்குள் நின்று குறைந்த கட்டணம் கட்டும். ஒரே மின்மானி என்றால் 85 அலகு. 60ஐத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே கட்டண வகுப்பு மாறும், நிலையான கட்டணமும் ஏறும். பின்வீட்டுக்கு உபமானி பூட்டினால் அலகைப் பிரிக்கலாம், வகுப்பை மாற்ற முடியாது. “அண்ணை, நாங்கள் ஒரு ஃபான்தானே போடுறம், ஏன் இவ்வளவு?” என்று கேட்கிறவர் பொய் சொல்லவில்லை. மின் விநியோக நிறுவனத்திடம் இரண்டாவது இணைப்பு எடுப்பதே தீர்வு. அதுவரை பில்லின் முழுத் தொகையை அலகு விகிதப்படி பிரியுங்கள். பில்லை இருவருக்கும் காட்டுங்கள்.

தண்ணியில் இவ்வளவு சிக்கல் இல்லை. கடலோரக் கிணறு உவர். குளிக்க, கழுவ அது போதும். குடிக்கிற தண்ணி யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சோலைவரி வீட்டுக்காரருடையது, அதை வாடகைக்காரர் தலையில் கட்டக்கூடாது.

அவர்கள் எழும்பும் நாளில் பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி நடவுங்கள். மின்மானி இலக்கத்தை மீண்டும் படம் எடுங்கள். கடைசி பில் அவர்கள் போன பிறகுதான் வரும். அதற்காக முழு அட்வான்ஸையும் பிடித்துவைக்கிறவர் பலர். பாவித்த அலகைக் கணக்கிட்டு அந்தத் தொகையை மட்டும் நிறுத்துங்கள். மீதியை அன்றைக்கே கையில் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். பில் வந்ததும் படத்தை அனுப்பி, மிச்சக் காசை அவர்களின் வங்கிக் கணக்கில் போடுங்கள்.