மூடைக்குள் வளரும் நட்டம்

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பகுதியிலுள்ள குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களில், சில்லறைக் கடை நடத்துவோரின் முதலீட்டில் ஒரு பெரும் பங்கு அரிசி மூடையிலும் கருவாட்டிலும் முடங்கிக் கிடப்பதால், வண்டும் எலியும் விளைவிக்கும் இழப்பு கணக்குப் புத்தகத்தில் தனி வரியாக ஏறாமலே இலாபத்தை அரித்துவிடுகிறது. இதற்குத் தீர்வாகப் பலர் முதலில் நாடுவது பீடைகொல்லியை, அதாவது பயிருக்கும் பண்டத்துக்கும் கேடு செய்யும் உயிரிகளை அழிக்கும் நஞ்சை. ஆனால் உணவும் நஞ்சும் ஒரே அறையில் இருக்க நேரும் சிறு கடையில், அது கடைசியாகக் கையிலெடுக்கப்பட வேண்டியதாகும்.

அரிசி வண்டின் வாழ்க்கை முறையே இதற்குக் காரணத்தைக் காட்டுகிறது. பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் மணியைத் துளைத்து, ஒரு முட்டையை இட்டு, பசை போன்ற சுரப்பால் துளையை அடைத்துவிடுகிறது. புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே வளர்வதால், வாங்கும் நாளில் சுத்தமாகத் தோன்றிய மூடை, 30 பாகை செல்சியஸ் அளவான வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டு மொய்த்துக் கிடக்கலாம். மூடையின் மேல் தெளிக்கும் மருந்து மணிக்குள் இருக்கும் புழுவை எட்டுவதில்லை. அது அரிசியில் படிந்து, உண்பவரின் வயிற்றுக்கே போய்ச் சேர்கிறது. மாவு வண்டு எனப்படும் செந்நிறச் சிறுவண்டோ முழு மணியை எளிதில் தாக்க மாட்டாமல் குருணையிலும் தூளிலும் பெருகுவதால், அரித்தலும் மூலைமுடுக்குகளைக் கூட்டுதலுமே அதன் இரையைப் பறித்துவிடுகின்றன.

எனவே வாங்கும்போதே மூடையின் வாயை அவிழ்த்து, ஒரு கைப்பிடி அரிசியை வெள்ளைத் தாளில் பரப்பி, துளை விழுந்த மணியும் வெண்தூளும் உள்ளனவா என்று பார்ப்பது முதற்காவலாகும். நெல்லாயின் அதன் ஈரப்பதம், அதாவது மொத்த எடையில் நீரின் பங்கு, 14 சதவீதத்துக்கு மேற்படாதிருக்க வேண்டும். மூடைகளைத் தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் மரச்சட்டங்களின் மேல், சுவரைத் தொடாமல், இடையே ஆள் நுழைந்து கூட்டக்கூடியவாறு அடுக்கி, ஒவ்வொன்றிலும் வந்த திகதியைக் குறித்து, முதலில் வந்ததை முதலில் விற்பதும், பழைய சாக்குகளைக் கொதிநீரில் அமிழ்த்திக் காயவைத்த பின்னரே மீண்டும் பயன்படுத்துவதும் செலவு குறைந்த வழிகளாகும்.

கருவாட்டில் கேடு இரு கட்டங்களில் நிகழ்கிறது. மீன் ஈரமாக இருக்கும்போது ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைக்கின்றன; காய்ந்த பின்னர் மயிரடர்ந்த புழுக்களையுடைய ஒருவகை வண்டு சதையைக் குடைகிறது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாரி காலத்தில் உலர்தல் தாமதிப்பதால் முதற்கட்டம் நீள்கிறது. போதிய உப்பிடுதல், மணலில் பரப்பாமல் உயர்ந்த பரணில் வலையால் மூடி உலர்த்துதல், இறுக மூடிய கலனில் வைத்தல் ஆகியவை இரண்டையும் கட்டுப்படுத்தும்; கருவாட்டின் மேல் பூச்சிமருந்து தெளிப்பது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

எலி தின்பதைக் காட்டிலும் மிகுதியாக அசுத்தப்படுத்துவதோடு, தன் சிறுநீரால் எலிக்காய்ச்சலையும் பரப்புகிறது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பெருமளவில் பரவியது. சுண்டெலி நுழைவதற்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும் என்பதால், கதவின் அடிப்பகுதிக்குத் தகரமும் சுவர் ஓட்டைகளுக்குக் கம்பிவலையும் சீமெந்தும் இடுவதே நிலையான தடுப்பாகும். எலி சுவரோரமாகவே ஓடும் இயல்புடையதாதலின், பொறியைச் சுவரை ஒட்டி வைப்பது பயன் தரும்.

இவற்றுக்குப் பின்னரும் நஞ்சு தேவைப்படின், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதையே, சுட்டுத்துண்டில் குறித்தவாறு பயன்படுத்த வேண்டும். அலுமினியம் பொசுபைட்டு வில்லைகள் ஈரம் பட்டதும் பொசுபீன் என்னும் கொடிய வாயுவை வெளியிடுவதால், வீட்டோடு ஒட்டிய கடையில் அவற்றை வைப்பது உறங்குவோரின் உயிருக்கே உலையாகும். பயிற்சி பெற்றோரே அவற்றைக் கையாள வேண்டும்.

பெரும்போக அறுவடையின் புது அரிசி வந்து சேரும் முன்னர் ஒரு முறையும், மாரி தொடங்கும் முன்னர் ஒரு முறையும் களஞ்சியத்தை முழுதாக வெறுமையாக்கிக் கூட்டி, ஓட்டைகளை அடைக்கும் கடைக்காரருக்கு, அந்த இரண்டு நாள் உழைப்பின் செலவு, கெட்டுக் கழிக்கப்படும் ஓரிரு மூடைகளின் விலையைத் தாண்டாது.