ஊறப்போட்டால்தான் மாவு: ராட்டினக் காயத்துக்கு இழப்பீடு வரும் வழி

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பினாங்கு சிம்பாங் அம்பாட்டில் ஏதாவது ஒரு திடலில் ஃபன்ஃபேர் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து காவான் தொழிற்சாலையில் வேலை செய்யும் நாற்பது வயதுத் தாய், தன் பத்து வயது மகனோடு சங்கிலி நாற்காலி ராட்டினத்தில் ஏறுகிறார். சுற்றும் வேகத்தில் நாற்காலியின் பூட்டுக் கம்பி திறந்துகொள்கிறது. தாய்க்குக் கால் எலும்பு முறிவு, மகனுக்கு மணிக்கட்டு முறிவு. இனி அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு எந்த வழியில் வரும்?

நிறையப் பேர் ஒன்று கம்பெனியே பார்த்துக் கொடுக்கும் என்று நம்புகிறார்கள், இல்லையென்றால் போலீஸ் வாங்கித் தரும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டும் நடக்காது. நம் வீட்டு இட்லிக்கு மாவு தயாராவதுபோல இந்த வேலையிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஊறப்போட வேண்டும், அரைக்க வேண்டும், புளிக்க விட வேண்டும், பிறகுதான் ஊற்றி அவிக்கலாம். ஊறப்போட மறந்தவர் மறுநாள் எவ்வளவு பாடுபட்டாலும் மாவு கிடைக்காது.

ஊறப்போடுவது என்பது ஆதாரம் திரட்டுவது. அதை அன்றிரவே தொடங்க வேண்டும். ஊர் ஊராகப் போகும் ராட்டினம் இரண்டு வாரத்தில் கழற்றப்பட்டு லாரி ஏறிவிடும். திறந்துகொண்ட பூட்டை மாற்றிவிட்டால் பழைய பூட்டைப் பிறகு யாரும் காட்டமாட்டார்கள். ஆகவே அடிபட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பியதும், கூட வந்தவர்களில் ஒருவர் அங்கேயே நின்று கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். நாற்காலி, பூட்டு, ராட்டினத்தில் பதித்த பெயர்த் தகடு, வரிசை எண், எச்சரிக்கைப் பலகை, டிக்கெட், கைப்பட்டை எல்லாம் படத்தில் இருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களின் தொலைபேசி எண்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிம்பாங் அம்பாட் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதும்போது, எந்தக் கம்பி எப்படித் திறந்தது என்பதையும் இயக்கிய ஆள் அதைச் சோதித்தாரா என்பதையும் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. சுங்கை பாக்காப்பிலோ செபராங் ஜெயாவிலோ அவசரப் பிரிவு மருத்துவர் எப்படி அடிபட்டது என்று கேட்டு ஒரு வரி எழுதிக்கொள்வார். வலியில் "விழுந்துட்டேன்" என்று மட்டும் சொன்னால் அதுதான் பதிவாகும். சில ஆண்டுகள் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் நீதிமன்றத்தில் விரித்து வாசிப்பார். "சுற்றும்போது பூட்டு திறந்து தூக்கி வீசப்பட்டேன்" என்று முழுதாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு அரைப்பது. அரிசி தனி, உளுந்து தனி. முதலாவது, அவர்கள் கவனம் தவறினார்கள் என்று காட்ட வேண்டும். இரண்டாவது, அந்தத் தவற்றால்தான் இந்தக் காயம் வந்தது என்று காட்ட வேண்டும். ஒன்றை நிரூபித்து மற்றதை விட்டுவிட்டால் வழக்கு நிற்காது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், அவ்வாண்டு ஏப்ரல் 7 வரை இங்கிலாந்தில் வழங்கிய பொதுச் சட்டத்தைத் தீபகற்ப மலேசியாவுக்கு அடித்தளமாக்கியது. டிக்கெட் வாங்கி உள்ளே வருபவரின் பாதுகாப்புக்கு இடத்தை வைத்திருப்பவர் நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்ற கடமை அங்கிருந்துதான் வருகிறது. ஒழுங்காக நடத்தப்படும் ராட்டினத்தில் பூட்டு தானாகத் திறக்காது. ஆகவே நடந்த விபத்தே கவனக்குறைவுக்குச் சாட்சி சொல்கிறது என்று வாதாடவும் சட்டத்தில் இடம் உண்டு.

இயந்திரம் பழுதானால் மட்டும்தான் வழக்கு என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூன் 2ஆம் தேதி இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில், பாதையில் காலிப் பெட்டி ஒன்று நிற்பதைக் கவனிக்காத ஊழியர்கள் இயந்திரத்தின் தானியங்கித் தடையை மீறி 'ஸ்மைலர்' சவாரியைத் தொடங்கினார்கள். 16 பேர் இருந்த வண்டி மோதியது. இளம்பெண்கள் இருவர் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். மறு ஆண்டு பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் அரசுக்குப் போகும் பணம். காயப்பட்டவர்களுக்கான இழப்பீடு வேறு கணக்கு. அதனால்தான் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ் விசாரித்து நடவடிக்கை எடுத்தாலும் உங்கள் வழக்கை நீங்களே தொடங்க வேண்டியிருக்கிறது. டோஷ் தரும் கண்டுபிடிப்புகள் உங்களுக்குப் பெரிய துணை.

யார்மேல் வழக்கு? ராட்டினத்தின் உரிமையாளர், அதை இயக்கியவர், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், திடலின் உரிமையாளர் ஆகிய நால்வரும் வெவ்வேறு நிறுவனங்களாக இருக்கலாம். ஒருவர்மேல் மட்டும் போட்டால், அவர் வெறும் பெயர்ப்பலகைக் கம்பெனியாக இருந்துவிட்டால், தீர்ப்பு காகிதத்தில்தான் இருக்கும். சாலை விபத்துக்கு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ராட்டினக்காரரிடம் காப்புறுதி இருக்கிறதா என்பதை நாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அனுமதி கொடுத்த மாநகர் மன்றத்தை இழுக்கலாமா என்று கேட்பவர்கள் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி வழக்கை நினைவில் வைக்கட்டும். 1993இல் 48 பேரைப் பலிகொண்ட அந்தக் கட்டடச் சரிவுக்கு, 2006இல் கூட்டரசு நீதிமன்றம் சாலை, வடிகால், கட்டட சட்டத்தின் 95ஆம் பிரிவைக் காட்டி அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. அந்தத் தீர்ப்பு என்னை இன்றும் உறுத்துகிறது.

"சொந்தப் பொறுப்பில் ஏறவும்" என்ற பலகையைப் பார்த்ததும் மனம் தளர்ந்து வீட்டுக்குப் போய்விடுபவர்கள் பலர். அப்படிப் போகாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் சேர்த்த பகுதி, கவனக்குறைவுக்கான பொறுப்பைக் கழற்றிவிடும் நிபந்தனையை நியாயமற்றது என்று வகைப்படுத்துகிறது. ஆனால் அதே சட்டம் அமைத்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் காயம், மரணம் சார்ந்த கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரம் இல்லை. டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்க அங்கே போகலாம், உடைந்த காலுக்கு நீதிமன்றம்தான்.

அரிசிக்கு எவ்வளவு, உளுந்துக்கு எவ்வளவு என்ற அளவு இங்கும் உண்டு. பூட்டை மாட்டச் சொன்னபோது தாய் அலட்சியமாக இருந்தார் என்று நீதிபதி கண்டால், சிவில் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி அவருடைய பங்கைக் கழித்துவிடுவார். பத்து வயதுப் பையனிடம் பெரியவருக்குள்ள விவேகத்தை எதிர்பார்க்க மாட்டார்.

மாவு புளிக்க நேரம் வேண்டும். எலும்பு கூடி, கால் எந்த அளவுக்கு நேராகும் என்று நிபுணர் அறிக்கை தரும்வரை சமரசத் தொகைக்கு ஒப்புக்கொள்வது அவசரம். மூன்றாம் மாதம் வாங்கிய பணத்தில், இரண்டாம் ஆண்டு வரும் அறுவைச் சிகிச்சைச் செலவு இருக்காது. அதற்காகப் பாத்திரத்தை மறந்தும் விடக்கூடாது. தீபகற்பத்தில் இத்தகைய வழக்குக்கு 6 ஆண்டு கெடு, அரசு சார்ந்த அமைப்பென்றால் 36 மாதம். சிறுவனுக்கு மட்டும் அந்த 6 ஆண்டுக் கெடு 18 வயது நிறைந்த பிறகே ஓடத் தொடங்கும். அதற்குள் வழக்குப் போட விரும்பினால் பெற்றோரில் ஒருவர் வழக்குப் பிரதிநிதியாக நிற்கலாம்.

இனி குழிகளில் ஊற்றுவது. வலி, வேதனை, உடல் இயக்க இழப்பு ஒரு குழி. மருந்து, டாக்சி, கைத்தடி, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் இன்னொரு குழி. இதில் ரசீது இல்லாத செலவு நிற்பது கடினம். மூன்றாவது வருங்கால வருமானம். 2019 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தத்தின்படி, 31 முதல் 59 வயது வரையுள்ளவருக்கு 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுத்து, அத்தனை ஆண்டுக்கு இழப்பைக் கணக்கிட வேண்டும். நம் தாய்க்கு அது 10. இனித் தொழிற்சாலைக்குத் திரும்பவே முடியாது என்றால், மாதம் 2,500 ரிங்கிட் சம்பளத்தில் வாழ்க்கைச் செலவு 700 போக 1,800. அதைப் பன்னிரண்டாலும் பத்தாலும் பெருக்கினால் 2,16,000 ரிங்கிட். கால் பங்கு அவர் தவறு என்றால் 1,62,000. ஒரு லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பத்து லட்சம் வரை செஷன் நீதிமன்றம், அதற்கு மேல் ஜார்ஜ் டவுனில் உள்ள உயர் நீதிமன்றம்.

சிறுவனுக்கு அந்த மூன்றாம் குழி கிடையாது, ஏனென்றால் அவன் இன்னும் சம்பாதிக்கவில்லை. சம்பாதிக்கும் திறன் குறைந்தது என்று வேறு தலைப்பில்தான் கேட்க வேண்டும். உயிரே போனால், துயரத்துக்கு என்று சட்டம் வைத்திருக்கும் தொகை 30,000 ரிங்கிட். 2019க்கு முன் அது 10,000. ஒரு பிள்ளைக்கு இது போதாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ராட்டினத்தை ஓட்டும் ஊழியர் அடிபட்டால் வழி வேறு. 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது சவாரி விபத்துக்குள்ளாகி ஊழியர் ஒருவர் இறந்தார், மற்றும் பலர் காயமடைந்தார்கள். அத்தகைய ஊழியருக்கு இங்கே சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ. 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, சொக்சோ காப்பில் உள்ளவர் தன் முதலாளிமேல் தனி வழக்குப் போடுவதைத் தடுக்கிறது.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. "ஜெயித்தால் பங்கு கொடுத்தால் போதும்" என்று மருத்துவமனை வாசலில் வந்து நிற்கும் தரகரை நம்பாதீர்கள். வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. இரண்டாவது, சில நூறு ரிங்கிட்டைக் கையில் வைத்து "இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதி வாங்க வருபவரிடம் அன்றிரவு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையின் இழப்பீட்டைச் சமரசம் பேசி முடிக்க நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அதுவரை அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.