கொசுப்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்

பழவேற்காட்டில் குழுக் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போதெல்லாம், "சாக்கடையாலதான் கொசு" என்கிறீர்கள். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் வளருது. உப்புத்தண்ணி ஊரில் டிரம்மில் பிடித்து வைப்பதும், கரையில் கிடக்கும் பைபர் படகிலும் தெர்மாகோல் மீன்பெட்டியிலும் நிற்கும் மழைத்தண்ணியும் அதற்குப் போதும்.

கொட்ட முடிந்ததைக் கொட்டிவிடுங்கள். ஆட்டுக்கல் குழி, உடைந்த தொட்டி மாதிரி இடங்களுக்கு வேப்பங்கொட்டை. ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் இடித்து, துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்துப் பிழியுங்கள். பயிருக்குத் தெளிக்கும் அதே 5 சதவீதக் கரைசல்தான். தண்ணீரில் கலந்தால் வீரியம் குறையும். அதனால் கொஞ்சமாகத் தேங்கிய இடத்துக்கே சரிப்படும்.

ஊற்றியதும் புழு சாகாது. "ஏமாத்து வேலை"ன்னு விட்டுடாதீங்க! வேம்பிலுள்ள அசாடிராக்டின், புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். கொசுவாக மாறாமலே சில நாளில் செத்துப்போகும். வெயிலில் அந்தச் சத்து அழிந்துவிடுவதால் வாராவாரம் புதிதாக ஊற்றணும்.

குடிதண்ணீர் டிரம்மில் ஊற்றவே கூடாது. அதை வாரம் ஒருமுறை காலிசெய்து, உட்பக்கம் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள். சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணி பட்டால் பொரிக்கும்.

மிச்சக் கரைசலை ஏரியில் கொட்டாதீர்கள். நீங்கள் கையால் தடவிப் பிடிக்கும் இறாலும் தோலுரித்துத்தான் வளருது.