மாலை வகுப்பு: மரக்காணக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புதுச்சேரியினின்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், கோட்டக்குப்பத்தைக் கடந்ததும் சின்ன முதலியார்சாவடியையும் அதனையடுத்துப் பெரிய முதலியார்சாவடியையும் காண்பர். விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. கிழக்கே கடலும் மீனவர் குப்பமும் உள்ளன. மேற்கே செம்மண் மேட்டில், 1968 பெப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்ற ஆரோவில் விரிந்து கிடக்கிறது. வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து.

மேனாடுகளில் தொண்டு நிறுவனங்கள் மாநகரின் நடுப்பகுதியில் வாழும் ஏழை இளைஞருக்குக் கல்வியும், கலையும், விளையாட்டும் அளித்து வருவதை நாம் படிக்கிறோம். அங்கே செல்வர் புறநகருக்குக் குடிபெயர்ந்தமையால் வறுமை நகரின் நடுவே தங்கிவிட்டது. நம் நாட்டிலோ அது பெரும்பாலும் நகரின் விளிம்பிலேயே நிற்கிறது. முதலியார்சாவடி போன்ற ஊர்களை நகரம் என்பதா, நாட்டுப்புறம் என்பதா? சாலையின் இருமருங்கும் விடுதிகளும் உணவகங்களும். அவற்றின் பின்புறம், வீட்டில் படிப்பதற்கு ஒரு மூலையும் அதைக் கேட்டுச் சரிபார்க்க ஓர் ஆளும் இல்லாத பிள்ளைகள். ஆகவே மாலை வகுப்பைப் பற்றிய கேள்வி நம் சேகரங்களுக்கும் உரியதே.

இக்கரையில் இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன்னதாக, அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். (செய்யூர்ப் பக்கம் படகுத்துறையுள்ள முதலியார்குப்பம் வேறு, சாவடிகளும் வேறு. இப்பகுதியில் முதலியார் பெயர் தாங்கிய ஊர்கள் பல.) முதலில் 12 மாவட்டங்களிலும் பின்னர் மாநிலம் முழுவதிலும் அது பரவியது. ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டப்படிப்பும் தகுதியாக வைக்கப்பட்டன. தன்னார்வலருள் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். படித்து முடித்து, திருமணமாகி, வீட்டோடு இருந்தவர்கள் பலர். இது அரசின் திட்டமே எனினும், அதன் உயிர் தெருவில் இருந்தது. வீட்டு முற்றத்திலும், கோவில் மண்டபத்திலும், மரத்தடியிலும் பாய் விரித்து நடந்த வகுப்பு அது.

பயன் என்ன? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 சிறு பிள்ளைகளை ஆராய்ந்து 2022இல் தம் முடிவை வெளியிட்டனர். பள்ளி மூடலால் நேர்ந்த கற்றல் இழப்பு மிகப் பெரிது. கணக்கில் மொழியைவிட அதிகம். ஆயினும் பள்ளிகள் திறந்த ஆறு மாதத்திற்குள் அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடாயிற்று. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. நான்கில் ஒரு பங்கு என்பது சிறிதன்று. ஆனால் மிகுதியான மீட்சிக்கு வேறு காரணங்கள் இருந்தன என்பதையும், அவற்றுள் பள்ளிக் கதவு திறந்ததே முதன்மையானது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. மாலை வகுப்பு பள்ளிக்குத் துணை நிற்கலாம். பள்ளியின் இடத்தைப் பிடிக்க இயலாது.

இத்திட்டத்தைக் குறைகூறியவர்களும் இருந்தனர். முறையான ஆசிரியரின் பணியைத் தன்னார்வலரிடம் ஒப்படைக்கும் போக்குக்கு இது வழிகோலும் என்றும், தன்னார்வலர் என்னும் பெயரில் மதவாத அமைப்பினர் பிள்ளைகளிடம் நுழைந்துவிடக் கூடும் என்றும் அவர்கள் அஞ்சினர். இந்த இரண்டாம் அச்சத்தை நாம் பிறரைப் பற்றியது என்று தள்ளிவிடலாகாது. நாம் நடத்தும் மாலை வகுப்பைக் குறித்தும் அயலார் இதையே கேட்பர். கேட்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த பிள்ளையிடம், பெற்றோர் அறியாமல் வேறொன்றைக் கொடுத்தனுப்புவது நேர்மையன்று. அதற்குத் திருச்சபையில் வேறு நாளும் வேறு இடமும் இருக்கின்றன.

மாலை வகுப்பின் வரலாற்றில் நம் முன்னோருக்குப் பங்குண்டு என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் பத்திரிகையாசிரியர் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுக்கவே எழுந்தது. ஞாயிறு தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம், அன்று ஒரு நாள்தான் அவர்களுக்கு ஓய்வு என்பதே. கற்பித்த பெண்களுக்குக் கூலியும் வழங்கப்பட்டது. இன்று நம் ஞாயிறு பள்ளிகளில் எழுத்தறிந்த பிள்ளைகளே வந்தமர்கின்றனர். அதன் பழைய நோக்கம் நமக்கு வியப்பாகத் தோன்றுகிறது. 1884இல் இலண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் தூய யூதா ஆலயத்து ஆயர் சாமுவேல் பார்னெட் நிறுவிய டாயின்பி இல்லம் வேறொரு படி முன்சென்றது. பல்கலைக்கழக இளைஞர் ஏழைகளின் நடுவே வந்து குடியிருந்து கற்பித்தனர். நான் இவ்விரண்டனுள் பார்னெட் வழியையே மேலானதாகக் கருதுகிறேன், அதைப் பின்பற்றுவது மிகக் கடினம் என்று அறிந்தும்.

இனி, கற்பிக்கும் முறை. இங்கேதான் நல்லெண்ணமுள்ள பலர் தவறுகின்றனர், நானும் தவறினேன். என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சேகரத்தில் மாலை வகுப்பு நடத்தினேன். பள்ளியில் அன்று நடந்த பாடத்தையே மறுபடியும் நடத்தினோம். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் ஒழுங்காக வந்தார்கள். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் இருந்த ஒரு சிறுவனால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே வாசிக்க முடியாது என்பதை நான் நான்கு மாதம் கழித்தே அறிந்தேன். அவன் பக்கத்துப் பையனின் குரலைக் கேட்டு அப்படியே ஒப்பித்து வந்தான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ஒரு குறையும் இல்லை.

மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1995இல் பணிதொடங்கிய ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் இதற்கொரு வழி கண்டது. வகுப்பை நோக்காமல், பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பதை நோக்கிப் பிரித்தல்: எழுத்தறியாதோர் ஒரு வட்டம், சொல் வாசிப்போர் ஒரு வட்டம், கதை வாசிப்போர் ஒரு வட்டம். அதன் ‘பால்சகி’ திட்டத்தில், பள்ளியிறுதி முடித்த உள்ளூர் இளம்பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகத் தனியே அழைத்துப் பள்ளி நேரத்திலேயே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கற்பித்தனர். மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் ஆகியோர் இதைச் சோதித்தனர். இவர்களுள் பானர்ஜியும் டுஃப்லோவும் 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர்கள். மிகவும் பின்தங்கிய பிள்ளைகளே மிகுதியாக முன்னேறினர் என்பது அவர்கள் கண்ட முடிவு. திட்டம் நின்று ஓராண்டு சென்றபின் அளந்தபோது அப்பயனின் பெரும்பகுதி கரைந்திருந்தது என்பதும் அதே ஆய்வில் உள்ளது. கோடை விடுமுறையில் பத்து நாள் நடத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குழுக்கள் இந்த இரண்டாவது முடிவைப் படிக்கவேண்டும்.

வாசிப்பும் கணக்கும் அல்லாத பிறவற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். கதை, பாட்டு, ஓவியம், பந்தாட்டம் ஆகியவை பாடத்திற்குப் பூசும் இனிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவற்றைப் பெற்றோர் கட்டணம் செலுத்தி வாங்கிக் கொடுக்கின்றனர். அங்கே எவரும் இவற்றை வீண் என்பதில்லை. இடையஞ்சாவடியில் ‘தாமரை’ என்னும் கற்றல் மையம் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிவிட்டபின் ஏற்று, பாடத்தோடு கலையையும் உடற்பயிற்சியையும் சேர்த்தே அளித்து வந்துள்ளது. ஆரோவிலின் கொள்கைகளோடு நமக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். அவ்வூர்களில் அதன் கல்விப் பணியை நேரில் சென்று பார்க்க அது தடையாக வேண்டுவதில்லை.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, பாய் எந்தத் தெருவில் விரிக்கப்படுகிறது என்பது. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் சாதிக் கலவரம் மூண்டு தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதை இக்கரையோர் மறக்கவில்லை. ஊர்த் தெருவில் வகுப்பு வைத்தால் காலனிப் பிள்ளைகள் வரத் தயங்குவர். காலனியில் வைத்தால் ஊர்ப் பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பார். தெருவுக்கொரு மையம் வைத்தால் எல்லாரும் படிப்பார்கள். ஆனால் அந்தக் கோடு அப்படியே நிற்கும், நம் கையாலேயே இன்னும் சற்று அழுத்தி வரையப்பட்டும் இருக்கும். என் சொந்த முடிவு இது: காலனியில் தொடங்கவேண்டும், அங்கே நன்றாக நடக்கவேண்டும், அதன்பின் மற்றத் தெருப் பெற்றோரை அங்கேயே அழைக்கவேண்டும். முதல் ஆண்டில் ஒருவரும் வராமல் போகலாம். பொது இடம் என்று பள்ளிக் கட்டடத்தைக் கேட்டுப் பெறுவதே விவேகம் என்று என் உடன் ஊழியர் ஒருவர் வாதிடுவார். அவருடைய ஊரில் அது நடந்தது. என் ஊரில் மாலை ஆறு மணிக்குப் பள்ளியின் வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது.

கற்பிக்கும் பெண்ணுக்கு ஏதேனும் கொடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இறைப்பணிக்குக் கூலியா என்று கமிட்டியில் கேட்பார்கள். போதகருக்குச் சம்பளம் உண்டு என்று அவர்களுக்கு நினைவூட்டலாம். உப்பளத்துக்குப் போகும் தாய் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறியபின் திரும்புகிறாள். அவள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மாலையில் இருபது பிள்ளைகளோடு அமர்கிறாள் என்றால், அந்த வீட்டுக்கு மாதம் 1000 ரூபாய் என்பது அரிசி வாங்கும் பணம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அப்போது அது இன்னும் பெரிய தொகை. நான் பார்த்த வகுப்புகளில் மூன்றாம் ஆண்டையும் கண்டவை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அத்தொகையை ஒரு நாளும் தாமதிக்காமல் கொடுத்தவையே.