கருக்கலைப்புச் சட்டம்: விலக்கு யாருக்கு அளிக்கப்பட்டது?

கருக்கலைப்பைப் பற்றி நம்முடைய பிரசங்கங்களிலும் வாலிபர் கூட்டங்களிலும் கூறப்படுபவற்றுள் பெரும்பகுதி கடல் கடந்து வந்ததாகும். ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டில் ரோ வழக்கில் அளித்த தீர்ப்பைச் சுற்றி அந்நாட்டுத் திருச்சபைகள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வழக்காடின. 2022 ஜூன் மாதத்தில் டாப்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவைத்தது. பெண்ணின் உரிமை ஒருபுறம், கருவின் உரிமை மறுபுறம் என்று அங்கே எழுந்த விவாதத்தை அந்நாட்டு நூல்கள் வழியாகவே நாம் கற்றுக்கொண்டோம். ஆனால் நம் நாட்டுச் சட்டம் இவ்விரு முனைகளில் எதிலிருந்தும் புறப்படவில்லை. அது மருத்துவரிடமிருந்து புறப்பட்டது. இதனை அறியாமல் போதகர் ஒருவர் தம்மை நாடி வரும் பெண்ணுக்கு ஆலோசனை கூறுவாரானால், அவள் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கிறாளோ அதனை விட்டுவிட்டு வேறொரு நாட்டின் சட்டத்தைப் பற்றியே அவளோடு பேசுகிறவராவார்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து தொடங்குதல் நலம். அதன் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலன்றி, கருவைச் சிதைத்தல் குற்றம் என்றது. தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறை. வயிற்றில் குழந்தையின் அசைவு உணரப்பட்ட பின்னரானால் ஏழு ஆண்டுகள் வரை. தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவின்கீழ்க் குற்றவாளியே என்று அதன் விளக்கம் தெளிவாகக் கூறிற்று. இது பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்ற பழைய ஏடு என்று ஒதுக்கிவிடலாகாது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவில் அதே குற்றம், அதே தண்டனை, அதே விளக்கம் ஆகியவை எண் மட்டும் மாறி இடம்பெற்றிருக்கின்றன. கருக்கலைப்பு நம் நாட்டில் இன்றும் அடிப்படையில் குற்றமே. 1971ஆம் ஆண்டின் சட்டம் அக்குற்றத்திற்கு வகுக்கப்பட்ட விலக்கு.

அவ்விலக்கு பிறந்த வரலாறு சுருக்கமானது. 1964இல் மைய அரசு, அந்நாளில் மகாராஷ்டிர நல்வாழ்வு அமைச்சராயிருந்த சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 39 லட்சம் கருக்கலைப்புகள் வலிந்து செய்யப்படுவதாகக் கணித்த அக்குழு, அவற்றுள் பெரும்பாலானவை தேர்ச்சியற்றோர் கைகளில் நடைபெறுவதையும், பெண்கள் அதனால் மாண்டுபோவதையும் எடுத்துக்காட்டி, 1966 டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. 1971இல் பாராளுமன்றம் மருத்துவ வழிக் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றிற்று. 1972 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவை ஒவ்வொரு இறையியல் மாணவரும் ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும். ஒரு பெண் தன் கருவைக் கலைத்துக்கொள்ளலாம் என்று அது எவ்விடத்திலும் கூறவில்லை. பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் இச்சட்டத்தின்படி கருவைக் கலைத்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றே கூறுகிறது. எழுவாய் மருத்துவர், பெண்ணோ அவ்வாக்கியத்தின் விளிம்பில் நிற்கிறாள். கருவைத் தொடர்ந்து சுமப்பது அவள் உயிருக்கு ஆபத்தாகுமா, உடல்நலத்திற்கோ மனநலத்திற்கோ கடுங்கேடு விளைவிக்குமா, பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனம் நேருமா என்பனவற்றைப் பற்றி மருத்துவர் நல்லெண்ணத்தோடு ஒரு கருத்துக்கு வர வேண்டும். பெண்ணின் விருப்பம் மட்டுமே எந்த வாரத்திலும் போதிய காரணமாகாது. இக்கருத்தை உருவாக்கும்போது அவளுடைய வாழ்க்கைச் சூழலையும் கணக்கில் கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், நடைமுறையில் வாசல் அகலமாகவே இருக்கிறது. ஆயினும் அதைத் திறப்பதும் அடைப்பதும் மருத்துவர் கையில் இருக்கின்றன.

இதிலிருந்து சில விளைவுகள் வருகின்றன. இங்கிலாந்தின் 1967ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சாட்சியின் காரணமாகக் கருக்கலைப்பில் பங்குகொள்ள மறுக்கும் மருத்துவருக்குத் தனிப் பிரிவொன்றில் பாதுகாப்பு அளித்தது. நம் சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. நம் சட்டம் எந்த மருத்துவருக்கும் அக்கடமையைச் சுமத்தாமல், செய்தால் தண்டிப்பதில்லை என்று மட்டுமே சொல்கிறது. அடுத்ததாக, கணவனின் சம்மதம். பதினெட்டு வயது நிரம்பிய, மனநோயற்ற பெண்ணின் சம்மதமே போதும் என்று சட்டம் கூறுகிறது. கணவன், மாமியார், தகப்பன் ஆகியோரில் எவருடைய கையொப்பமும் தேவையில்லை. ஆனால் மருத்துவமனைகள் பலவற்றில் கணவனின் கையொப்பத்தைக் கேட்டுப் பெறும் வழக்கம் நீடித்து வருகிறது. அதைச் சட்டம் என்றே போதகர்களும் நம்பி, கணவனை அழைத்து வரும்படி பெண்ணைத் திருப்பி அனுப்புகின்றனர். அடிக்குப் பயந்து வந்தவளை அடிக்கிறவனிடமே அனுப்பிவைக்கும் காரியமாக இது முடியக்கூடும்.

1971ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொரு காரணத்தையும் சேர்த்திருந்தது. மணமான பெண்ணோ அவள் கணவனோ குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்பொருட்டுக் கையாண்ட கருத்தடை முறை பயன்படாமற்போனால், அதனால் விளையும் வேதனையை மனநலத்திற்குக் கேடாகக் கருதலாம் என்பதே அது. இங்கேதான் அரசின் நோக்கம் வெளிப்படுகிறது. மக்கள்தொகையைக் குறைக்கும் எண்ணத்தோடு இச்சட்டம் வேண்டப்படவில்லை என்று ஷா குழு சொல்லியிருந்தும், எண்ணிக்கையைப் பற்றிய கவலை சட்டத்தின் வாசகத்திலேயே புகுந்துவிட்டது. நெருக்கடி நிலையின்போது 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்திற்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டதை நினைவில் கொள்வோமானால், உடலைப் பற்றிய கொள்கைகளை அரசு எவ்வளவு எளிதில் கட்டாயமாக்கிவிடும் என்பது விளங்கும். மணமாகாத பெண்ணுக்கு இக்காரணம் கிடைக்கவில்லை. அவளை விட்டுவிடுவதற்கு இறையியல் காரணம் எதுவும் சட்டமியற்றியோருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கில் அவளுக்கு இடமில்லை என்பதுதான் மெய்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 செப்டம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் இவ்வாசகத்தை மாற்றி, கணவன் என்ற சொல்லின் இடத்தில் துணைவர் என்ற பொருள்தரும் சொல்லை வைத்தது. முன்பு 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இருவர் என்றிருந்தது. இப்பொழுது 20 வாரம் வரை ஒருவரின் கருத்தும், 24 வாரம் வரை சில வகைப்பட்ட பெண்களுக்கு இருவரின் கருத்தும் போதும். பாலியல் வன்முறைக்கு உள்ளானோர், பதினெட்டு வயது நிரம்பாதோர், கருவுற்றிருக்கையில் கைம்மையோ மணமுறிவோ நேர்ந்தோர், உடற்குறையுள்ளோர் முதலியோர் அவ்வகையினர். கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டால் வார வரம்பு இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணையும் 24 வார வரம்பினின்று விலக்கலாகாது என்றும், இச்சட்டத்தின் நோக்கத்திற்குக் கணவனின் பலவந்தமும் வன்முறையே என்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் மொழி பெண்ணின் தன்னாட்சியைப் பற்றிய மொழி.

எனினும் அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில் சட்டத்தின் பழைய எலும்புக்கூடு தெரிந்தது. 26 வாரம் கடந்த, இரு குழந்தைகளுக்குத் தாயான பெண்ணொருத்தி பேறுகாலத்துக்குப் பின்வரும் மனநோயால் துன்புற்று, இன்னொரு குழந்தையைத் தாங்க இயலாதென்று முறையிட்டாள். 2023 அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் அனுமதியளித்தனர். கருவின் இதயத் துடிப்பை நிறுத்தும்படி நேருமே, நாங்கள் என் செய்வது என்று மருத்துவர் ஒருவர் எழுதிக் கேட்டபின், அவ்விருவரும் 11ஆம் நாள் கருத்து வேறுபட்டனர். 16ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அனுமதியை மறுத்தனர். அவள் நிலை அவ்வொரு வாரத்தில் மாறவில்லை. மருத்துவரின் தயக்கம் வழக்கின் போக்கைத் திருப்பிற்று. அத்தயக்கத்தை நாம் இழிவாக எண்ணவில்லை. வெளியே எடுத்தால் பிழைக்கக்கூடிய பருவத்தை அடைந்த சிசுவைப் பற்றி மனச்சாட்சியுள்ள எவரும் தயங்கவே செய்வர். ஆனால் சட்டத்தின் இயல்பை இவ்வழக்கைப் போல் வெளிப்படுத்தியது வேறில்லை.

திருமறையில் இப்பொருளுக்கு மிக அருகில் நிற்கும் சட்டப்பகுதி யாத்திராகமம் 21:22-25. சண்டையிடும் ஆண்களின் அடி கர்ப்பவதி மேல் பட்டுக் கரு வெளிப்பட்டால் என்ன தண்டனை என்பதே அங்குள்ள கேள்வி. எபிரெய மூலத்தில் கேடு என்னும் சொல் தாயைக் குறிக்கிறதா, சிசுவையும் குறிக்கிறதா என்பது இன்றும் தீராத வினா. எழுபதின்மரின் கிரேக்கப் பெயர்ப்பு அவ்விடத்தில் உருவடைந்த கரு, உருவடையாத கரு என்ற பாகுபாட்டைக் கொண்டுவந்தது. அகுஸ்தீன் அதனைப் பின்பற்றினார். திதாகே நூலோ அத்தகைய பாகுபாடின்றிக் கருவழித்தலை விலக்குகிறது. ஆகையால் திருச்சபை எப்பொழுதும் ஒரே விடையைக் கூறி வந்ததென்று மாணவர்களுக்குக் கற்பிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. கருவின் உயிரைத் திருச்சபை ஒருபொழுதும் பொருட்படுத்தாமல் இருந்ததில்லை என்று கற்பிப்பதோ ஒக்கும். இங்கு நம் கவனத்திற்கு வரவேண்டியது மற்றொன்று. அப்பகுதியில் அபராதத்தைக் கேட்கிறவன் கணவன்; விதிக்கிறவர்கள் நியாயாதிபதிகள். அடிபட்டவள் ஒன்றும் பேசவில்லை. சங்கீதம் 139ஐ இவ்விவாதத்தில் மேற்கோளாகக் காட்டுகிறோம். தாயின் கருவிலே தான் அறியப்பட்டதைப் பாடுகிறவன் தன்னைப் பற்றிப் பாடுகிறான். அறியப்பட்டவர் என்னும் அந்த நிலை, நம் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் உரியதென்று சேர்த்தே நாம் பிரசங்கித்திருக்க வேண்டும்.

பெண் சிசுக்களை இனங்கண்டு அழிப்பதைத் தடுக்கும் சட்டம் வேறு. 1994இல் இயற்றப்பட்டு 2003இல் கடுமையாக்கப்பட்ட அச்சட்டம் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து கூறுவதைத் தடை செய்கிறது. ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2001இல் 927 ஆகக் குறைந்தது. இத்தீமையை எதிர்த்துத் திருச்சபை உரக்கப் பேச வேண்டியதே. ஆனால் இரு சட்டங்களையும் ஒன்றாக எண்ணிக் கருக்கலைப்பு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறதென்று மக்கள் நம்பும்படி பேசுவது தவறு. மாத்திரைகளால் கருவைக் கலைக்கும் முறை 9 வாரத்திற்குள் மட்டுமே சட்டப்படி அனுமதிக்கப்படுகிறது. அப்பருவத்தில் ஸ்கேன் செய்து பாலினத்தை அறிய இயலாது.

அம்மாத்திரைகள்தாம் இன்று நிலைமையை முற்றிலும் மாற்றியிருக்கின்றன. லான்செட் குழும மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த ஆய்வு, 2015இல் நம் நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்றும், அவற்றுள் நூற்றுக்கு 73 மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நடந்தன என்றும் மதிப்பிட்டது. மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் விழுங்குகிறவளுக்கு 1971ஆம் ஆண்டின் விலக்கு இல்லை. எழுத்தின்படி அவள் 88ஆம் பிரிவின்கீழ் வருகிறாள். இரத்தப்போக்கு நிற்காமற்போனாலும் மருத்துவமனைக்குச் செல்ல அவள் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்டவள் போதகரிடமோ அவர் மனைவியிடமோ வந்தால் முதல் காரியம் அவளை மருத்துவரிடம் சேர்ப்பதே; அவள் யார், என்ன செய்தாள் என்னும் விசாரணை பின்னால் இருக்கட்டும்.

பதினெட்டு வயது நிரம்பாத சிறுமியின் காரியத்தில் போதகரே சட்டத்திற்குள் வருகிறார். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவில், சிறார்மீது பாலியல் குற்றம் நடந்ததென்று அறிகிற எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டுமென்று கட்டளையிடுகிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறை. அவ்வயதில் அவள் சம்மதித்தாளா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. சிறுமியும் காப்பாளரும் வேண்டிக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரை வெளியிடாமலே தகவல் தரலாம் என்று 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழிவகுத்தது. போதகருக்கு அது அவ்வாறு சொல்லவில்லை. பாவ அறிக்கையில் கேட்டதை வெளியிடாதிருக்கும் தனியுரிமையை நம் சாட்சியச் சட்டம் குருமாருக்கு வழங்கவுமில்லை. ஆகவே, இங்கு சொல்வது எவருக்கும் தெரியாது என்று ஒரு சிறுமிக்கு வாக்களிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. அவள் வாய் திறக்குமுன்னரே இதை அவளுக்கு விளங்கும் சொற்களில் கூறிவிட வேண்டும். கூறியபின் அவள் எழுந்து போய்விடாதபடி அவளோடு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்திற்கும் யார் செல்வார் என்பதைச் சபையின் பெண்களுள் ஒருவரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.