அடையாள அட்டை ஒன்று, பிறந்த திகதி இரண்டு

நாவுலயில், ஏ9 வீதியோரக் கொமியூனிகேஷன் கடையொன்றில் போட்டோக் கொப்பி எடுக்கக் காத்திருந்தேன். பக்கத்துக் கணினியில் ஒரு அக்கா, சுயதொழில் உதவிக்கான இணையப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். இறுதி யுத்தத்தில் ஆவணங்களையெல்லாம் இழந்து, முகாமிலிருந்து வந்து இங்கே உறவினரோடு தங்கிவிட்டவர். அடையாள அட்டை இலக்கத்தை அடித்ததும் பிறந்த திகதி தானாகவே விழுந்தது: 1985 மார்ச் 3.

"தம்பி, நான் பிறந்தது இரண்டாம் திகதியெல்லோ" என்றார். திருத்தப் பார்த்தோம். அந்தப் பெட்டி பூட்டப்பட்டிருந்தது.

இப்படி நிரப்புவது ஜாவாஸ்கிரிப்ட். இணையப் பக்கத்தோடு வந்து எமது உலாவிக்குள்ளேயே இயங்கும் நிரல் அது. ஒரு பெட்டியில் நாம் இலக்கத்தை அடித்ததும் அதைப் பிரித்துக் கணக்குப் பார்த்து, விடையை மற்றப் பெட்டிகளில் எழுதிவிடும். இதற்காக எந்த அரச பதிவேட்டையும் அது பார்ப்பதில்லை.

எமது அடையாள அட்டை இலக்கம் இந்தக் கணக்குக்கு வசதியானது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கங்களில் இருக்கும். அக்காவின் இலக்கம் 85562 என்று தொடங்கியது. அதாவது 1985, பெண், 62ஆவது நாள்.

பிழை எங்கே? அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள். அப்படி எண்ணினால் 62ஆவது நாள் மார்ச் 2. ஜாவாஸ்கிரிப்டின் நாட்காட்டியோ 1985 பெப்ரவரிக்கு 28 நாட்களே கொடுக்கும்; அதனால் மார்ச் 3 வரும். லீப் ஆண்டல்லாத ஆண்டுகளில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த எல்லோருக்கும் இந்த ஒரு நாள் கூடிவிடும்.

ஒரு நாள்தானே என்று விட முடியாது. அலைந்து திரிந்து மீண்டும் எடுத்த பிறப்புச் சான்றிதழோடு திகதி பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரலாம். அப்போது பிழை விண்ணப்பித்தவர் தலையிலேயே விழும்.

நிரல் எழுதுவோர் செய்ய வேண்டியது சிறிய வேலை: லீப் ஆண்டு இல்லையென்றால், 60ஐத் தாண்டிய நாள் எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். பெட்டியையும் பூட்டக் கூடாது. நிரப்புவோர், தானாக விழுந்த ஒவ்வொன்றையும் சான்றிதழோடு ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள்.

அக்கா அனுப்பவில்லை. திரையைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, சான்றிதழோடு கிராம உத்தியோகத்தரிடம் புறப்பட்டார்.