முயலின் காதும் நரம்பின் ஆணையும்

1851-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் கிளாட் பெர்னார்ட் என்ற உடலியல் அறிஞர், நரம்பை அறுத்தால் அதைச் சார்ந்த அவயவம் குளிர்ந்துபோகும் என்ற எண்ணத்துடன், ஒரு முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை மட்டும் அறுத்தார். நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு. அந்தப் பக்கத்துக் காது சிவந்தது. மெல்லிய தோலினூடே நாளங்கள் புடைத்துத் தெரிந்தன. மற்றக் காதைவிட அது சூடேறிவிட்டது. மறு வருஷம் பிரௌன்-செகார் என்பவர், அறுபட்ட நரம்பின் தலைப்பக்கத்து முனையில் மின்சாரத்தைப் பாய்ச்சவே, காது வெளிறி மீண்டும் குளிர்ந்தது. தாம் நினைத்தது பொய்த்தபோதும் கண்டதைக் கண்டபடியே உலகுக்குச் சொன்ன பெர்னார்டின் நேர்மை, அவருடைய கண்டுபிடிப்பைவிடவும் பெரிதாக எனக்குத் தோன்றுகிறது.

இச்சோதனைகளிலிருந்து விளங்குவது யாதெனில், நம் இரத்த நாளங்கள் ஒருபோதும் முழு ஓய்வில் இருப்பதில்லை என்பதே. மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து தண்டுவடத்தின் வழியே இறங்கி, பரிவு நரம்புகளின் மூலம் தேகமெங்கும் பரவும் ஆணை, நாம் உறங்கும்போதும் இடையறாது சென்றுகொண்டிருக்கிறது. அந்நரம்பு முனைகளில் சுரக்கும் நாரட்ரினலின் என்ற திரவியம், நுண்தமனிகளின் சுவரிலுள்ள தசையைச் சற்றே இறுக்கி வைக்கிறது. ஸ்வீடன் தேசத்து ஊல்ஃப் வான் ஆய்லர் 1946-இல் இதை இனங்கண்டார். ஆணை வலுத்தால் நாளம் சுருங்கும், தளர்ந்தால் விரியும். விரியச் சொல்வதற்கென்று தனி நரம்பு பெரும்பாலான நாளங்களுக்கு இல்லை. சுருக்கும் நரம்பின் மௌனமே அதற்குப் போதும். குழாயின் விட்டம் பாதியானால், அழுத்தம் மாறாதிருக்கையில், அதில் ஓடும் இரத்தம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதால், சிறு இறுக்கமும் பெரும் பயனைத் தருகிறது.

படுக்கையிலிருந்து நாம் எழுந்து நிற்கும்போது சுமார் அரை லிட்டர் இரத்தம் கால்களை நோக்கி இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியின் சுவரில் அமைந்த உணர்வு நரம்புகள் அழுத்தம் தாழ்வதை உடனே அறிந்து முகுளத்துக்குத் தெரிவிக்க, அதுவும் சில விநாடிகளுக்குள் குடல், தோல், தசை ஆகியவற்றின் நாளங்களைச் சுருக்கி, இந்த ஆணைக்கு அவ்வளவாக வசப்படாத மூளையின் நாளங்களுக்குக் குறைவின்றி இரத்தம் கிடைக்கச் செய்கிறது. முதுமையில் இந்தச் செயல் சற்றுத் தாமதிக்கிறது. எழுந்தவுடன் முதியவர்களுக்குக் கண் இருண்டு தலை சுற்றுவது பல சமயங்களில் இதனால்தான். கட்டிலின் விளிம்பில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள் என்று வைத்தியர்கள் சொல்வது, நாளங்களை இறுக்கிப் பிடிக்க அந்த நரம்புகளுக்கு வேண்டிய அவகாசத்தைத் தருவதற்காகவே.